காலால் கடைந்த நுரை

அந்தக் காலத்தில், வாயுள்ள உயிரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மூச்சு வாங்குவதற்குக்கூட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வர வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, போகப் போக வரும். எனக்கு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வருகிறது.

அப்போது எல்லா உயிருக்கும் நெஞ்சுக்குள் ஒரே ஒரு பைதான் இருந்தது. அறை கிடையாது, தடுப்பு கிடையாது, சும்மா ஒரு காலிப் பை. அதன் சுவர் செருப்புத் தோல் அளவுக்குத் தடிப்பு. பைக்குள்ளே காற்று, பைக்கு வெளியே ரத்தம், நடுவில் அந்தச் சுவர். மரத்தையும் புல்லையும் ஆட்டிக்கொண்டு ஊரெல்லாம் வீசுகிற சாதாரணக் காற்றுக்கு அதைக் கடக்கிற தெம்பு இல்லை. மூக்கு வழியாக உள்ளே போகும், பையைச் சுற்றிப் பார்க்கும், வந்த வழியே திரும்பிவிடும். அந்தப் பக்கம் ரத்தம் கறுத்துப்போய்க் காத்துக் கிடக்கும்.

மேற்கு மலையடிவாரத்தில் மொட்டைப்பாறை என்று ஒரு பாறை. அதன் தலையில் கிணறுபோல் ஒரு குழி, குழியின் அடியில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியாகப் பூமிக்குள்ளிருந்து கெட்டியான நல்ல காற்று ஊறி வரும். மூச்சுச்சுனை என்று அதற்குப் பெயர். அந்தக் கெட்டிக் காற்றைக் குடித்தால் அது முட்டித் தள்ளிக்கொண்டு சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும். காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். பெரிய உடம்புக்காரர்களுக்கு அது தாராளம்.

சுனையை யாரும் வெட்டவில்லை. பூமி தன்பாட்டுக்கு ஊற வைத்தது. ஆனாலும் அதற்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். யானை, காட்டுமாடு, கடமான், சிறுத்தை, இவர்களெல்லாம் மேல்பாறைக்காரர்கள். குழிக்குள் தலையை விட்டு நேராகத் தங்கள் வாயாலேயே குடிப்பார்கள். அணில், எலி, மூஞ்சூறு, வௌவால், ஓணான், தவளை, இவர்களெல்லாம் கீழ்ச்சரிவுக்காரர்கள். இவர்கள் சுனையைத் தொடக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. சரிவில் வரிசையாக நின்று அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டிருக்க வேண்டும். பெருங்கொம்பன் என்ற யானை மேலே நின்று, துதிக்கையில் காற்றை மொண்டு, உயரத்திலிருந்து அவர்கள் வாயில் ஊற்றுவார். துதிக்கையின் நுனி அவர்கள்மேல் பட்டுவிடக்கூடாதாம், அதற்காகத்தான் அத்தனை உயரம். காற்று என்ன தண்ணீரா, நேராக வந்து வாயில் விழ? பாதிக்குமேல் வழியிலேயே கலைந்து போகும். மிச்சம் மீதி எதுவோ அதுதான் கிடைக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதுக் காற்றைக் குடிக்க வேண்டுமென்றால் நெஞ்சிலிருக்கும் பழைய மூச்சை வெளியே விட்டாக வேண்டும் அல்லவா? கீழ்ச்சரிவுக்காரர்கள் அதைப் பாறைப் பக்கம் விடக்கூடாது. வாயை மூடிக்கொண்டு, முள்காட்டைத் தாண்டி, ஓடைப் பள்ளம்வரை நடந்துபோய் அங்கேதான் விட வேண்டும். மேல்பாறைக்காரர்களோ இருந்த இடத்திலேயே, அந்தச் சுனைக்குள்ளேயே, புஸ்ஸென்று விட்டுவிட்டுக் குடிப்பார்கள். கேட்டால் அவர்கள் மூச்சு சுத்தமாம், இவர்கள் மூச்சு அசுத்தமாம். உடம்பு எரித்துத் தள்ளிய கசடுதான் பழைய மூச்சு. அதில் என்ன உசத்தி, என்ன தாழ்த்தி?

பெருங்கொம்பனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளும் யாரையும் சிடுசிடுத்ததில்லை. ஊற்றி முடித்ததும், நான் ஒருவன் இல்லாவிட்டால் இதுகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கண் கலங்குவார். முரட்டுத்தனமாக விரட்டுகிறவனைக்கூட என்னால் ஒருமாதிரி பொறுத்துக்கொள்ள முடியும். இந்தக் கண்கலங்கலைத்தான் பொறுக்க முடியவில்லை.

கீழ்ச்சரிவில் வடிவு என்று ஒரு மூஞ்சூறு இருந்தாள். மூஞ்சூறின் உடம்பு கைக்குள் அடங்கிவிடும், ஆனால் அதற்குள் அடுப்பு ஓயாமல் எரியும். அதனால் அதற்கு அடிக்கடி மூச்சு வேண்டும். நடுப்பகலில் இன்னொரு வாய் ஊற்றச் சொல்லி வடிவு எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். பெருங்கொம்பன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, உனக்கு ஊற்றினால் எலியும் கேட்கும், எலிக்கு ஊற்றினால் அணிலும் கேட்கும், முறை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே அம்மா என்று அன்பாக எடுத்துச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அவளுக்கு இரண்டு குட்டிகள். மூஞ்சூறுக் குட்டிகள் வெளியே போகும்போது மூத்தது தாயின் வாலைக் கவ்விக்கொள்ளும், இளையது மூத்ததின் வாலைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கோத்துக்கொண்டுதான் ஒரு நாள் காலையில் வரிசையில் நின்றார்கள். மேலே காட்டுமாடு குழிக்குள் தலையை விட்டுக் குடித்துவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எந்தச் சரிவில் புல் இளசாக இருக்கிறது என்று கடமானோடு பேச்சு வேறு. மேல்பாறைக்காரர்கள் சுனையோரம் இருக்கும்போது கீழே ஊற்றக்கூடாது என்பது முறை. பெருங்கொம்பன் ஒதுங்கி நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. வரிசை வாயைத் திறந்தபடி நின்றது.

"அம்மா, தம்பி வால விட்டுட்டான்" என்றாள் மூத்த குட்டி.

வடிவு திரும்பிப் பார்த்தபோது இளையது பாறைமேல் மல்லாந்து கிடந்தது. மூக்கு நுனி சாம்பல் நிறமாகிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் காட்டுமாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. நாறுவதற்குமுன் அதை எடுத்துவிடச் சொல் என்று பெருங்கொம்பனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனது. பெருங்கொம்பன் அழுதார். விதி என்றார். அழுதுகொண்டே துதிக்கையில் காற்றை மொண்டு அடுத்த ஆளுக்கு ஊற்ற ஆரம்பித்தார். வடிவு குட்டியைத் தூக்கிக்கொண்டு விலகியதும் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பியது. மேலே இருந்தவர்கள்மேல் வருகிற கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஓரடியை நினைத்தால்தான் எனக்கு உடம்பு பதறுகிறது.

அப்படி நகர்ந்தவர்களில் நீராயி என்ற மரத்தவளையும் ஒருத்தி. கோபம் வந்தால் நீராயிக்கு வார்த்தை வராது, தொண்டை மட்டும் துடிக்கும். அன்று வீடு போய்ச் சேரும்வரை துடித்துக்கொண்டே இருந்தது. யார்மேல் வந்த கோபம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் துக்கம் விசாரிக்க வடிவின் வளைக்குப் போனாள். வடிவு மிச்சமிருந்த மகளை மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீராயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு வடிவுதான் கேட்டாள்.

"ஏளா நீராயி, வரிசையில நிக்கையில நீ உனக்கு மட்டுந்தான் காத்து வாங்குத. மரத்துல தொங்குத உன் முட்டைகளுக்குன்னு ஒரு நாளும் வாங்கிட்டுப் போனதில்ல. அதுகளுக்கு யாரு ஊத்துதா? அதுக மட்டும் எப்படி உசுரோட இருக்கு?"

நீராயியின் பாட்டி, பூட்டி எல்லாரும் கூடு கட்டிய மாதிரிதான் அவளும் கட்டினாள். சாரல் பிடித்ததும் குட்டைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் உட்கார்ந்து, உடம்பிலிருந்து சுரக்கும் நீரைப் பின்னங்கால் இரண்டாலும் தயிர் கடைவதுபோல் கடைந்தால் வெள்ளை நுரை பொங்கும். அந்த நுரைக்குள் முட்டைகளை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குமேல் அவள் யோசித்ததே இல்லை. முட்டைகள் மூச்சு விடுகின்றனவா என்றுகூட யோசித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கூட்டருகே போய் உட்கார்ந்து பார்த்தாள். நுரை முழுக்கக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்கும் சுவர் இருந்தது, ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சுவர். அதற்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் முட்டை. எந்தப் பக்கம் நல்ல காற்று நிறைய இருக்கிறதோ அங்கிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்கு அது தானாக நடந்து போய்க்கொண்டிருந்தது. முட்டைக்குள் சேர்ந்த பழைய மூச்சும் அதேபோல், நிறைய இருந்த இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, அதே சுவர் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டுக்கு வாசனை போவதில்லையா? அது யாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போகிறது? அப்படித்தான் இதுவும். யாரும் மொள்ளவில்லை, யாரும் ஊற்றவில்லை, யாரும் கண் கலங்கவில்லை.

இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. ஒரு பெரிய கூடத்துக்கு நாலு சுவர்தான். அதே கூடத்தைத் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கினால் எத்தனை சுவர் வந்துவிடும்? நுரையில் அப்படித்தான், ஒரு பிடிக்குள் ஒரு காடளவு சுவர். அவ்வளவு சுவரும் மெல்லிசு, அவ்வளவும் ஈரம். இப்படிப்பட்ட சுவர் இருந்தால் சுனையின் கெட்டிக் காற்று எதற்கு? சும்மா வீசுகிற காற்றே கடந்துவிடுமே. இத்தனை நாள் இது தன் காலடியில் பொங்கிக்கொண்டிருக்க, தான் அங்கே போய் அண்ணாந்து நின்றோமே என்று நினைத்ததும் தொண்டை மறுபடியும் துடிக்க ஆரம்பித்தது.

அவள் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது வடிவின் மகள் தள்ளாடிக்கொண்டிருந்தாள். பெருங்கொம்பன் ஊற்றிக்கொண்டு வந்தார், ஆனால் அவளுக்கு முன்னால் இன்னும் பலர் இருந்தார்கள். குட்டியின் மூக்கு நுனி சாம்பலாகிக்கொண்டிருந்தது. தாயின் வாலைக் கவ்வியிருந்த வாய் மெல்லத் திறந்தது.

நீராயி வரிசையை விட்டு வெளியே குதித்தாள். அந்தச் சரிவில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. எல்லார் கண்முன்னாலும், மொட்டைப்பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறைமேல் நீரைச் சுரந்து பின்னங்கால்களால் கடைந்தாள். நுரை பொங்கியது. அதைக் காலாலேயே தள்ளிக் குட்டியின் வாய்க்குள் திணித்தாள்.

நுரை தொண்டை வழியாக இறங்கிப் பையை நிரப்பியது. பட்ட இடத்திலெல்லாம் பழைய தடித்தோல் இளகிக் கரைந்தது. அந்தப் பக்கம் கறுத்துக் கிடந்த ரத்தம், இங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று தெரிந்ததும் மயிரிழை மயிரிழையாகக் கிளை விட்டு வந்து ஒவ்வொரு குமிழையும் வலைபோல் சுற்றிக்கொண்டது. அப்போது ஓடைப்பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. யாருக்கும் சொந்தமில்லாத, சாதாரணச் சாரல் காற்று. அது குட்டியின் மூக்குக்குள் போய், குமிழ்களின் சுவரைத் தாண்டி, ரத்தத்துக்குள் ஏறியது. ரத்தத்திலிருந்த பழைய மூச்சு இந்தப் பக்கம் இறங்கி, வெதுவெதுப்பும் ஈரமுமாய் வெளியே வந்தது. சாம்பலாயிருந்த மூக்கு நுனி சிவந்தது.

"அம்மா, பசிக்கி" என்றாள் குட்டி.

பெருங்கொம்பன் துதிக்கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்று நீராயியிடம் கேட்டார். தொண்டை துடிக்கும்போது அவளால் எப்படிப் பேச முடியும்? வடிவு மகளைக் கூட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் சரிவிலிருந்து இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் எலி போயிற்று. பிறகு அணில்கள். வாயைத் திறந்துகொண்டு நின்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நீராயியின் மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

சாரல் பருவம் முடியும்வரை நீராயி கடைந்தாள். கால் வீங்கியது. வௌவாலுக்கு, எலிக்கு, முயலுக்கு என்று அவரவர் நெஞ்சளவுக்கு நுரை கொடுத்தாள். ஓணான் மட்டும் தனக்குக் கொஞ்சம் போதும், வெயில் காயப் போகவேண்டும் என்று அவசரப்பட்டது. அதனால் அதன் நெஞ்சில் இன்றைக்கும் நுரை குறைவு. மேல்பாறைக்காரர்களும் வந்தார்கள். எப்படி? யாரும் பார்க்காத சமயமாக, ஒவ்வொருவராக, புதர் மறைவில். கடமான் வந்தது, சிறுத்தை வந்தது, அந்தக் காட்டுமாடும் வந்து வாயைத் திறந்தது. வாங்கிக்கொண்டு போய், மற்றவர்கள் முன்னால் சுனைக்குள் தலையை விட்டுக் குடிப்பதுபோல் நடித்தார்கள். நீராயி எல்லாருக்கும் கொடுத்தாள். தனக்கென்று ஒரு பங்கு நீரை மட்டும் உடம்பில் மிச்சம் வைத்திருந்தாள். அதை முதலில் போட்டுக்கொள் என்று வடிவு தினமும் நச்சரித்தாள். நாளைக்கு ஆகட்டும் என்று அவளும் தினமும் சொன்னாள். அதுவரை, கடையும்போது வாய்க்குள் தெறித்த நுரைத் துளிகளை வைத்தே எப்படியோ மூச்சை ஓட்டினாள்.

பெருங்கொம்பன் ஒருவர்தான் வாங்கவில்லை. காலையும் மாலையும் மொட்டைப்பாறையில் ஏறி, துதிக்கையில் காற்றோடு, கீழே வெறும் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் ஊற்றிய கையை மறந்துவிட்டார்களே, நன்றி கெட்ட ஜனங்கள் என்று வருந்தினார். அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான். அதைப் பார்த்துப் பாவப்பட்டவர்கள்கூட இருந்தார்கள். எனக்குப் பாவமாக இல்லை.

சுனையின் சங்கதி இப்போது வெளியே வந்தது. பழைய மூச்சு நல்ல காற்றைவிடக் கனம், பள்ளத்தைப் பார்த்தால் இறங்கிப் படுத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக மேல்பாறைக்காரர்கள் விட்ட மூச்சு அந்தக் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கீழ்ச்சரிவுக்காரர்களுக்கு ஊற்றுவதற்காகப் பெருங்கொம்பன் காலையும் மாலையும் ஓயாமல் துதிக்கையை விட்டு மொண்டுகொண்டிருந்ததால் கசடு கலைந்து கலைந்து சுனை ஓரளவு தெளிந்திருந்தது. வரிசை நின்றுபோனதும் மொள்ளுவதும் நின்றது. கசடு படிந்து வெடிப்பையே அடைத்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், யார் மூச்சு சுனையைக் கெடுத்தது? ஓடைப் பள்ளம்வரை வாயை மூடிக்கொண்டு நடந்தார்களே, அவர்கள் மூச்சா? ஆனால் மேல்பாறையில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? அந்தத் தவளை ஏதோ செய்துவிட்டாள் என்றார்கள்.

ஒரு நாள் காலையில் பெருங்கொம்பன் குழிக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்தார். கசடுதான் வந்தது. இன்னும் ஆழமாக இழுத்தார். முன்னங்கால் மடிந்து குழியின் விளிம்பிலேயே சரிந்துவிட்டார்.

காட்டுமாடு மரத்தடிக்கு ஓடி வந்தது. வந்ததே தவிர, கிளைக்குப் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு, பெரியவருக்கு முடியவில்லை, நுரை கொஞ்சம் கடைந்து ஒரு தேக்கிலையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள், நாங்கள் எடுத்துக் கழுவிக் கொடுத்துக்கொள்கிறோம் என்றது. தன் நெஞ்சுக்குள் கழுவாத நுரை ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அதே நெஞ்சிலிருந்து இந்தப் பேச்சு. நீராயி தன் பங்கில் பாதியைக் கடைந்து இலையில் வைத்தாள். காட்டுமாடு அதை ஓடைக்கு எடுத்துப்போய், ஓடும் தண்ணீரில் பயபக்தியோடு கழுவியது. நுரையைக் கழுவினால் என்ன மிஞ்சும்? வெறும் தேக்கிலையைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. இன்னொரு பங்கு வேண்டுமாம்.

வடிவு மரத்தடியில்தான் இருந்தாள். நீராயியிடம் மிச்சமிருந்தது அந்தப் பாதிப் பங்குதான் என்பது அவளுக்குத் தெரியும். கொடுக்காதே என்றாள். தன் பிள்ளை வாலை விட்டபோது அந்த ஆள் அழுதுகொண்டே அடுத்தவனுக்கு ஊற்றினார், அவர் கிடக்கட்டும் என்றாள். அவள் சொன்னதில் தப்பென்ன இருக்கிறது? நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நீராயியின் தொண்டை துடித்துத் துடித்து ஒருவழியாக நின்றது. முதல்முறையாக அவளுக்குக் கோபத்திலேயே வார்த்தை வந்தது.

"நான் ஒண்ணும் இரக்கப்பட்டுக் கொடுக்கப் போகலளா. எனக்கு அந்த ஆளப் பாத்தா இன்னும் பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா மூச்சக் கையில வச்சுக்கிட்டு, ஒருத்தன் வாயத் திறந்து கெடக்கத நின்னு பாத்தா, அந்தப் பாறையில ஏறி நிக்கது யாரு? நான்தான. அவரு நின்ன எடத்துல நான் நிக்க மாட்டேன்."

வடிவு அதற்குமேல் தடுக்கவில்லை. ஆனால் தானும் கூட வருவேன் என்று கிளம்பிவிட்டாள். இரண்டு பேரும் சரிவில் ஏறினார்கள். வரிசை நிற்கும் இடத்தைத் தாண்டி, கீழ்ச்சரிவுக்காரர் யாரும் கால் வைத்திராத மேல்பாறையில் கால் வைத்தார்கள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறி வந்தார்கள். நீராயி பெருங்கொம்பனின் துதிக்கைமேல் ஏறி உட்கார்ந்தாள். யார்மேலும் படாமல் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தாரே, அதே துதிக்கை. அதன்மேலேயே மிச்ச நீரைச் சுரந்து, வீங்கிய காலால் கடைந்து, மூக்கு ஓட்டைக்குள் தள்ளினாள். யானைக்குப் பாதிப் பங்கு எம்மாத்திரம்? அதை அடித்து அடித்துப் பொங்க வைக்க வேண்டியிருந்தது. நிதானமாகப் பரப்ப நேரமில்லாமல் அவசரத்தில் தள்ளியதில் நுரை விலா எலும்போடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

பெருங்கொம்பன் கண் திறந்தார். காது நுனி கறுப்பு மாறிச் சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். மேல்பாறை முழுக்க எலியும் அணிலும் வௌவாலும். நெஞ்சுக்குள் ஏதோ புதிதாக ஊறுவது அவருக்குத் தெரிந்தது. உயிர் திரும்பி வந்த ஒருவர் முதலில் என்ன கேட்பார்? தண்ணீர் கேட்கலாம், பிள்ளையைக் கேட்கலாம். இவர் கேட்டது இதுதான்.

"இது யார் கை பட்டது?"

"கை இல்லீங்கய்யா, கால்" என்றாள் நீராயி. "என் காலால கடைஞ்ச நுரை. இப்ப உங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. வேண்டாம்னா துப்பிருங்க."

பெருங்கொம்பன் துப்பப் பார்த்தார். நெஞ்சோடு ஒட்டிப்போன நுரை எப்படி வரும்? உடனே வாயை இறுக மூடினார். துதிக்கையைச் சுருட்டி நுனியை மடித்துக்கொண்டார். அந்த நுரை வழியாக ஒரு மூச்சுக்கூட இழுப்பதில்லை, செத்தாலும் சரி என்று தலையை நிமிர்த்தி நின்றார். மேல்பாறைக்காரர்கள் பெருமையோடு பார்த்தார்கள். ரத்தத்தில் பழைய மூச்சு சேரச் சேர அவர் காது தளர்ந்தது, கண் பிதுங்கியது, வயிறு வெட்டி வெட்டி இழுத்தது. வீம்பு இருந்தது அவர் தலைக்குள். நெஞ்சுக்குள் இருந்த நுரைக்கு வீம்பு தெரியாது. அது அவரைக் கேட்கவில்லை. மடித்து வைத்த துதிக்கை தானாகப் பிரிந்தது, பழையது புஸ்ஸென்று வெளியே போனது, ஊர்க்காற்று மடமடவென்று உள்ளே போனது. மறுபடி விட்டார், மறுபடி இழுத்தார். நிறுத்த முடியவில்லை.

வடிவு அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். மகள் அவள் வாலைக் கவ்விக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பின்னால் ஓரிடம் காலியாக இருந்தது.

"மெதுவா வாங்குங்கய்யா" என்றாள். "பின்னால வரிசையில யாரும் நிக்கல."

அன்று முதல்தான் நம் எல்லார் நெஞ்சிலும் இருப்பதை நுரையீரல் என்கிறோம். அதற்குள்ளே எண்ணி மாளாத குமிழறைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழை ரத்தக் குழாய்கள், நடுவில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஈரச் சுவர். நல்ல காற்று நிறைய இருக்கும் பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகப் போகிறது, பழையது அதே சுவர் வழியாகத் தானாக வெளியே வருகிறது. அங்கே காவல் கிடையாது, மேல்பாறை கிடையாது, ஊற்றும் கையும் கிடையாது. எப்பேர்ப்பட்டவனும் வீம்புக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருக்க முடிவதில்லை. யானைக்கு மட்டும் நுரையீரல் இன்றைக்கும் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியே கிடக்கிறது. மூஞ்சூறுக் குட்டிகள் இன்றைக்கும் முன்னால் போகிற வாலை விடுவதில்லை.

தன் பங்கையும் கொடுத்துவிட்ட நீராயிக்கு நெஞ்சில் மிஞ்சியது அந்தப் பழைய பைதான். கடையும்போது வாய்க்குள் தெறித்து ஓரத்தில் ஒட்டியிருந்த சொற்ப நுரையால் அதன் சுவர் கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவே. அது போதாமல் அவள் வம்சம் ஈரத் தோலாலும் மூச்சு விடுகிறது, காற்றைத் தொண்டையால் விழுங்கி விழுங்கி உள்ளே தள்ளுகிறது. குட்டைக்கரையில் ஒரு தவளை சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூர்ந்து பாருங்கள். அன்று முதல்தான் அதன் தொண்டை ஒரு நிமிஷம்கூட ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. பெருங்கொம்பன் வம்சத்தார் யாரும் அந்த மரத்தடிக்கு வந்து மன்னிப்புக் கேட்டதாக இதுவரை தகவல் இல்லை.